இளைப்புக்கு யார் பொறுப்பு?

இளைப்புக்குக் கொடுக்கும் சல்பியூட்டமால் மாத்திரையின் வழக்கமான ஓர் அளவு 4 மில்லிகிராம். மைக்ரோகிராமில் சொன்னால் 4,000. அதே மருந்தை இன்ஹேலர் வழியாக உறிஞ்சினால் ஒரு அழுத்துக்கு வருவது 100 மைக்ரோகிராம்தான், நாற்பதில் ஒரு பங்கு. மாத்திரை வயிற்றுக்குப் போய், ரத்தத்தில் கலந்து, உடம்பெல்லாம் சுற்றிவிட்டுத்தான் நுரையீரலுக்கு வருகிறது. வருகிற வழியில் நெஞ்சைப் படபடக்க வைக்கும், கையை நடுங்க வைக்கும். இன்ஹேலர் மருந்து நேரே மூச்சுக்குழாயில் இறங்கி, சில நிமிடங்களில் வேலையைத் தொடங்கிவிடும்.

இருந்தாலும் விழுப்புரம், திண்டிவனம் பக்கத்தில் எந்த மெடிக்கலில் நின்று கேட்டாலும் பேச்சு வேறு மாதிரி இருக்கும். இன்ஹேலருக்கு அங்கே பெயர் பம்பு. “பம்பு வேணாங்க, பழகிப்போயிடும். மாத்திரையே குடுங்க.” கூட வந்த பெண்ணுக்குக் கல்யாண வயது என்றால் இன்னொரு தயக்கமும் சேர்ந்துகொள்ளும்: “பம்பு வச்சிருக்கான்னு தெரிஞ்சா யாருங்க கட்டிப்பாங்க?” மாத்திரையை முந்தானையில் முடிந்துகொண்டு போகலாம். பம்பை நாலு பேர் பார்க்க வாயில் வைத்தாக வேண்டும். வீட்டில் நோய்க்கு வீசிங், இளைப்பு, சளி என்று பல பெயர் உண்டு. ஆஸ்துமா என்ற பெயர் மட்டும் வராது.

இந்தக் கூச்சத்துக்கு நாம் கொடுக்கும் விலை அதிகம். உலகச் சுகாதார நிறுவனத்தின் கணக்குப்படி 2019இல் உலகில் 26 கோடியே 20 லட்சம் பேருக்கு ஆஸ்துமா இருந்தது. இறந்தவர்கள் 4,55,000 பேர். அதே ஆண்டுக்கான உலக நோய்ச்சுமை ஆய்வு இந்தியாவில் இருக்கும் நோயாளிகளை மூன்றரைக் கோடிக்குச் சற்றுக் குறைவாக மதிப்பிடுகிறது. உலக நோயாளிகளில் எட்டில் ஒரு பங்கு நம்மிடம். ஆனால் உலக ஆஸ்துமா மரணங்களில் பத்துக்கு நாலு நம் நாட்டில் நடக்கின்றன. நோயின் கொடுமையை மட்டும் காரணம் காட்டி இந்த இடைவெளியை விளக்க முடியாது. குளோபல் ஆஸ்துமா நெட்வொர்க் என்ற பன்னாட்டுக் கூட்டமைப்பு இந்தியாவின் ஒன்பது மையங்களில் ஒன்றேகால் லட்சத்துக்கும் அதிகமானோரிடம் நடத்திய ஆய்வு 2022இல் வெளியானது. இளைப்பு இருந்தவர்களில் 82 சதவீதம் பேருக்கு ‘இது ஆஸ்துமா’ என்று எந்த மருத்துவரும் சொல்லியிருக்கவில்லை. உறிஞ்சும் ஸ்டீராய்டைத் தினமும் எடுத்தவர்கள் இரண்டரை சதவீதத்துக்கும் குறைவு.

அந்த ஸ்டீராய்டுதான் விஷயத்தின் மையம். ஆஸ்துமாக்காரரின் மூச்சுக்குழாய் இளைக்கும்போது மட்டும் நோயாக இருப்பதில்லை. நன்றாக இருக்கும் நாளிலும் அதன் உட்சுவர் அழற்சியோடுதான் இருக்கிறது. சுவரில் ஈசினோஃபில், மாஸ்ட் செல் போன்ற தற்காப்பு அணுக்கள் குவிந்து, சின்னச் சீண்டலுக்கும் பெரிதாகப் பொங்கத் தயாராக இருக்கின்றன. புகையோ தூசியோ சளிக்காய்ச்சலோ மார்கழிக் குளிரோ ஏதாவது ஒன்று தொட்டால் போதும். குழாயைச் சுற்றியுள்ள தசை இறுகும், உட்சுவர் வீங்கும், கோழை கெட்டியாகி அடைக்கும். காற்றை உள்ளே இழுத்துவிடலாம், வெளியே விடுவதுதான் பாடு. ‘நெஞ்சுக்குள்ள பூனை கத்துது’ என்று பாட்டிமார்கள் சொல்லும் சத்தம், அந்த இடுக்கு வழியாகக் காற்று திணறி வெளியேறும் சத்தம்.

சல்பியூட்டமால் இறுகிய தசையைத் தளர்த்தும். உள்ளே இருக்கும் அழற்சியை அது தொடுவதில்லை. அதை மட்டும் நம்பியிருப்பது, ஒழுகும் கூரையை விட்டுவிட்டு அடியில் பாத்திரம் வைத்துக்கொண்டே இருப்பதுதான். 2018இல் வெளியான சிக்மா ஆய்வில் லேசான ஆஸ்துமா உள்ளவர்களை எடுத்துக்கொண்டார்கள். ஒரு பிரிவினருக்கு, இளைக்கும்போது குழாயை விரிக்கும் மருந்து மட்டும். இன்னொரு பிரிவினருக்கு, இளைக்கும்போது விரிப்பானும் ஸ்டீராய்டும் சேர்ந்த இன்ஹேலர். இரண்டாவது பிரிவில் கடுமையான தாக்குதல்கள் 64 சதவீதம் குறைந்தன. மறு ஆண்டே, ஆஸ்துமாவுக்கான உலக வழிகாட்டுக் குழுவான ஜீனா, விரிப்பானை மட்டும் கொடுப்பதைக் கைவிடச் சொல்லிவிட்டது. ஸ்டீராய்டு என்றதும் முகம் ஊதும், எலும்பு தேயும் என்று பயப்படுகிறோம். அந்த பயம் மாத்திரை, ஊசி ஸ்டீராய்டைப் பல காலம் எடுப்பவர்களுக்குப் பொருந்தும். உறிஞ்சும் ஸ்டீராய்டின் அளவும் மைக்ரோகிராம் கணக்குதான். வாயைக் கொப்பளித்துத் துப்பிவிட்டால் பெரும்பாலும் தொல்லை இல்லை.

இதுவரை சொன்னது மருத்துவரின் அறைக்குள் முடிகிற விஷயம். ஆஸ்துமா அங்கே முடிவதில்லை என்பதுதான் சங்கடம்.

விழுப்புரத்திலிருந்து செஞ்சிக்குப் போகும் வழியில் மண்டகப்பட்டு இருக்கிறது. செங்கல், மரம், உலோகம், சுண்ணாம்பு எதுவுமில்லாமல் கட்டிய கோயில் என்று பல்லவ மன்னன் மகேந்திரவர்மன் ஏழாம் நூற்றாண்டில் கல்வெட்டில் பெருமைப்பட்டுக்கொண்ட குடைவரை இங்கேதான். வரலாற்று மாணவர்களுக்கு ஊரின் பெயர் தெரியும். மற்றபடி இந்த மாவட்டத்தின் எந்தக் கிராமத்தையும் போன்ற ஊர். இந்த வட்டாரத்தில் நெல், கரும்பு, மணிலா, சவுக்கு என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு தூசியும் ஒரு புகையும் உண்டு. அறுவடை இயந்திரம் ஓடும்போது பறக்கும் உமித்தூள், கரும்பு வெட்டியபின் எரிக்கும் சோகை, வேலியோரத்துச் சீமைக்கருவேலத்தின் மகரந்தம், அதே மரத்தின் விறகு அடுப்பில் எரியும்போது வரும் புகை. குடைவரைக்கு ஒரு மலைமுகம் போதுமாக இருந்தது. நம் காலத்துச் சாலைக்கும் காங்கிரீட்டுக்கும் மலை முழுசாகத் தேவைப்படுகிறது. வானூர் வட்டத்தின் திருவக்கரைப் பக்கம் போனால் குவாரியும் கிரஷரும் சாலையோரச் செடிகளை வெள்ளையாக்கி வைத்திருப்பதைப் பார்க்கலாம்.

இப்போது துறைகளைக் கணக்கெடுங்கள். மருந்து சுகாதாரத் துறையிடம். கிரஷர் தூசி மாசுக்கட்டுப்பாட்டு வாரியத்திடம், குவாரி உரிமம் கனிமவளத் துறையிடம், தொழிலாளியின் நுரையீரல் தொழிலகப் பாதுகாப்பு இயக்ககத்திடம். அடுப்பு எண்ணெய் நிறுவனத்தின் கேஸ் ஏஜென்சியிடம். பிள்ளை பகல் முழுக்கப் பள்ளிக் கல்வித் துறையிடம். குப்பை எரிப்பு ஊராட்சியிடம், சோகை எரிப்பு விவசாயியிடமும் ஆலையிடமும். இழுப்பு வரும் ராத்திரி இரண்டு மணிக்கு மட்டும் அம்மாவிடம்.

இதில் ஒரே ஒரு முனையை மட்டும் பிடித்து இழுத்தால் என்ன ஆகும் என்பதற்கு இந்த மண்ணிலேயே ஒரு பெரிய ஆய்வு நடந்திருக்கிறது. ஹாப்பின் என்பது அதன் சுருக்கப் பெயர். இந்தியா, குவாதமாலா, பெரு, ருவாண்டா என நாலு நாடுகளில் சுமார் 3,200 கர்ப்பிணிகள். இந்தியாவில் பொறுப்பேற்றது போரூர் ஸ்ரீராமச்சந்திரா நிறுவனத்தில் கல்பனா பாலகிருஷ்ணனின் குழு. களங்கள் நாகப்பட்டினமும், 2019இல் தனி மாவட்டமாகும்வரை விழுப்புரத்தோடு இருந்த கள்ளக்குறிச்சியும். குலுக்கல் முறையில் பாதிப் பேர் வீட்டுக்கு கேஸ் அடுப்பும் 18 மாதங்களுக்கு இலவச சிலிண்டரும் போயின. மீதிப் பேர் பழைய விறகிலேயே சமைத்தார்கள். உடம்போடு அணியும் சிறு கருவி 24 மணி நேரம் அந்தப் பெண் சுவாசிக்கும் காற்றை அளந்தது. விறகு வீடுகளில் நுண்துகள் ஒரு கன மீட்டருக்குச் சுமார் 70 மைக்ரோகிராம். கேஸ் வீடுகளில் 24. ஒரு தலையீட்டுக்கு இவ்வளவு இறக்கம் கிடைப்பது அபூர்வம்.

ஆனால் பிறந்த குழந்தைகளின் எடையில் குறிப்பிடத்தக்க வித்தியாசம் இல்லை. முதல் ஆண்டில் வந்த கடும் நிமோனியாவிலும் இல்லை. 2022லும் 2024லும் இந்த முடிவுகள் வந்தபோது துறை வட்டாரமே சற்று ஆடித்தான் போனது. ஹாப்பின் ஆஸ்துமாவை அளக்கப் புறப்பட்ட ஆய்வு இல்லை. அதனால் ஆஸ்துமாவுக்கும் கேஸ் அடுப்பு பயன்படாது என்று யாரும் தாவிவிட வேண்டாம். கண் எரிச்சலும் விறகு சுமக்கும் கழுத்துவலியும் போவதே அடுப்பை மாற்றப் போதுமான காரணம் என்று நினைக்கிறவன் நான். ஆனால் எனக்கு அதில் தெரிவது இதுதான்: ஓர் அடுப்பை மாற்றினாலும் பக்கத்து வீட்டுப் புகை, தெருவில் எரியும் குப்பை, சத்துக் குறைவு, முதல் மாதங்களில் ஏற்கெனவே சுவாசித்தது எல்லாம் அப்படியே இருக்கின்றன. உடம்பு துறைவாரியாகச் சுவாசிப்பதில்லை.

இதற்கு நேரெதிரான கதை பார்சிலோனாவில். 1981க்கும் 1987க்கும் இடையில் அந்தத் துறைமுக நகரத்தில் 26 நாட்களில் மட்டும் ஆஸ்துமா கொள்ளைநோய் போல வந்தது. சாதாரணமாக இருந்த நகரத்தில் திடீரென ஒருநாள் அவசரப் பிரிவுகள் நிரம்பி வழியும், மறுநாள் அடங்கிவிடும். தொழிற்சாலைப் புகையைச் சந்தேகித்துப் பார்த்தார்கள், பொருந்தவில்லை. ஹோசெப் மரியா அன்டோ என்ற மருத்துவரின் குழு பல மருத்துவமனைகளின் அவசரப் பதிவேடுகளை ஒன்றாகப் பரப்பிப் பார்த்தது. நோயாளிகள் துறைமுகத்தை ஒட்டிய பகுதிகளில் குவிந்திருந்தார்கள். அடுத்து துறைமுகத்தின் கப்பல் பதிவேடு. 1985, 86 ஆண்டுகளில் ஆஸ்துமா பொங்கிய 13 நாட்களிலும் கப்பலிலிருந்து சோயா இறங்கியிருந்தது. தானியக் கிடங்குகளில் ஒன்றின் உச்சியில் தூசி வடிகட்டி இல்லை. சோயாத் தூள் காற்றோடு நகரத்துக்குள் போயிருக்கிறது. நோயாளிகளின் ரத்தத்தில் சோயாவுக்கு எதிரான ஒவ்வாமைப் புரதம் இருந்ததும் உறுதியானது. வடிகட்டி மாட்டினார்கள். நின்றுவிட்டது.

புது மருந்து இல்லை, புது மருத்துவமனை இல்லை. ஆஸ்பத்திரிப் பதிவேடும் துறைமுகப் பதிவேடும் ஒரே மேசைக்கு வந்தன, அவ்வளவுதான். அதற்கே ஆறேழு ஆண்டு ஆனது என்பதையும் கவனிக்க வேண்டும். முண்டியம்பாக்கம் அரசு மருத்துவக் கல்லூரி, திண்டிவனம் அரசு மருத்துவமனை, எல்லை தாண்டினால் புதுச்சேரியின் ஜிப்மர் என்று இந்தப் பகுதி நோயாளிகள் நெபுலைசருக்காக ஓடும் இடங்கள் பல. எந்த ஊரிலிருந்து, எந்த வாரத்தில், எத்தனை பேர் என்ற மூன்று விவரங்களை ஒன்றாகக் கோத்துப் பார்த்தால் நமக்கும் ஏதாவது ஒரு கிடங்கு, ஒரு கிரஷர், ஓர் அறுவடைக் காலம் கண்ணில் படலாம்.

பின்லாந்து செய்தது இன்னும் நிதானமான வேலை. 1994இல் பத்தாண்டு ஆஸ்துமாத் திட்டம் தொடங்கினார்கள். தாரி ஹாஹ்தேலா அதன் முக்கிய மூளை. மருத்துவர் சங்கம், நுரையீரல் நோயாளிகளின் அமைப்பு, மருந்தாளுநர் சங்கம், சமூக நல அமைச்சகம் எல்லாம் உள்ளே வந்தன. அதில் எனக்குப் பிடித்தது ஓர் அலுவல் ஏற்பாடு: ஒவ்வொரு ஆரம்பச் சுகாதார மையத்திலும் ஆஸ்துமாவுக்கென்று ஒரு மருத்துவர், ஒரு செவிலியர் பெயர் குறிக்கப்பட்டது, மருந்துக் கடைகளிலும் அப்படியே. ஊசி போட்டு அனுப்புவதோடு விடாமல், அடுத்து யாரிடம் போக வேண்டும் என்று ஓர் ஆளைக் காட்ட முடிந்தது. இன்ஹேலரைத் தப்பாக உறிஞ்சுகிறாரா என்று கடைக்காரரே பார்த்துத் திருத்தினார். 1993இல் ஆஸ்துமாவுக்காக நாடு முழுக்க மருத்துவமனைப் படுக்கையில் கழிந்த நாட்கள் 1,10,000. 2003இல் 51,000. நோயாளிகளின் எண்ணிக்கை கூடிய காலத்தில், தலைக்கு ஆன செலவு மூன்றில் ஒரு பங்குக்கு மேல் குறைந்தது.

பின்லாந்து பணக்கார நாடு, மக்கள்தொகை சென்னையைவிடக் குறைவு என்று ஒதுக்கிவிடலாம். ஆனால் கூட்டாகச் செயல்படும் வித்தை நமக்குப் புதிதல்ல. 1956இல் சென்னையில் காசநோய் மருந்துச் சிகிச்சை மையம் பிறந்தபோது அதன் பெற்றோர் நால்வர்: இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் குழு, அன்றைய சென்னை மாநில அரசு, உலகச் சுகாதார நிறுவனம், பிரிட்டனின் மருத்துவ ஆராய்ச்சிக் குழு. ஏழைக் குடும்பத்து நோயாளி நெரிசலான வீட்டிலிருந்தபடியே மருந்து சாப்பிட்டாலும், சானடோரியத்தில் படுத்திருப்பவருக்கு இணையாகக் குணமாவார் என்று 1959இல் அந்த மையம் காட்டியது. உலகம் முழுக்க சானடோரியங்கள் மூடப்பட்டதில் அந்தச் சேத்துப்பட்டு மையத்துக்குப் பெரிய பங்கு உண்டு. அதே மரபில் 2022இல் ‘காசநோய் இறப்பில்லாத் திட்டம்’ தொடங்கியது. உடல் எடை, ஆக்சிஜன் அளவு, மூச்சு வேகம், ஆதரவில்லாமல் நிற்க முடிகிறதா என்ற எளிய கேள்விகளை வைத்து, ஆபத்தில் இருப்பவரை ஆரம்பச் சுகாதார நிலையத்திலேயே பிரித்தெடுக்கும் திட்டம். இதில் ஏறத்தாழ எல்லாம் ஆஸ்துமாவுக்கும் ஆகும்.

மண்டகப்பட்டு மாதிரி ஓர் ஊரில் கூட்டணி கட்ட என்ன இருக்கிறது என்று பார்த்தால், பெரும்பாலும் எல்லாமே இருக்கிறது. பள்ளிகளுக்கும் அங்கன்வாடிகளுக்கும் வரும், தேசியச் சிறார் நலத் திட்டமான ஆர்.பி.எஸ்.கே.யின் மருத்துவக் குழு சரிபார்க்க வேண்டிய குறைபாடுகளின் பட்டியலில் மூச்சுக்குழாய் இறுக்க நோய் 2013லிருந்தே இருக்கிறது. மக்களைத் தேடி மருத்துவத் திட்டத்துக்காக வீடு வீடாகப் போகும் மகளிர் தன்னார்வலர் இருக்கிறார். அவர் பையில் முக்கியமாக இருப்பவை சர்க்கரை, ரத்த அழுத்த மாத்திரைகள். ஆனால் யார் வீட்டில் விறகு எரிகிறது, யாருக்கு ராத்திரி இருமல் என்பது அவருக்கு மனப்பாடம். மருந்து வாங்கத் தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகம் 1994லிருந்து இருக்கிறது. தேசிய அத்தியாவசிய மருந்துப் பட்டியலில் ஸ்டீராய்டு இன்ஹேலர் இருக்கிறது. இல்லாதது, பள்ளியில் கண்டுபிடித்த பிள்ளையின் பெயர் ஊரின் சுகாதார நர்சம்மாவுக்குப் போகும் வழி. நர்சம்மா எழுதிக் கொடுத்தது வாத்தியாருக்குத் தெரியும் வழி.

கிரஷர் தொழிலாளியின் கதை இதிலும் மோசம். கல்லை உடைக்கும்போது பறக்கும் சிலிக்காத் தூள் நுரையீரலில் தழும்பு போட்டால் அது சிலிக்கோசிஸ். ஆஸ்துமா மருந்துக்குக் கட்டுப்படாது, நுரையீரல் பழைய நிலைக்கும் திரும்பாது. சட்டப்படி மருத்துவர் அரசுக்குக் கட்டாயம் தெரிவிக்க வேண்டிய நோய் அது. வெளிநோயாளிச் சீட்டில் அதுவும் ‘வீசிங்’ என்று எழுதப்பட்டால், தொழிலாளிக்குச் சேர வேண்டிய நஷ்டஈடும் கிரஷரில் தெளிக்க வேண்டிய தண்ணீரும் ஒரே சொல்லில் மறைந்துபோகும். ‘என்ன வேலை பார்க்கறீங்க?’ என்ற ஒரு கேள்வியைச் சீட்டில் சேர்க்கப் பணம் வேண்டாம்.

பணமில்லாமல் செய்யக்கூடிய இன்னொன்று. சின்னப் பிள்ளைகளால் பம்பை அழுத்துவதையும் மூச்சை இழுப்பதையும் ஒரே நேரத்தில் செய்ய முடியாது; மருந்து நாக்கிலேயே தங்கிவிடும். அதற்கு நடுவில் ஒரு குப்பி, ஸ்பேசர், வேண்டும். 1999இல் தென்னாப்பிரிக்காவின் ஹெதர் சார் குழு, கடையில் விற்கும் ஸ்பேசரையும் 500 மில்லி பிளாஸ்டிக் பாட்டிலையும் ஆஸ்துமாக் குழந்தைகளிடம் ஒப்பிட்டுப் பார்த்தது. பாட்டிலின் அடியில் இன்ஹேலரின் வாய் அளவுக்கே சூடான கம்பியால் துளை போட்டு, இடுக்கைப் பசையால் அடைத்துவிட்டார்கள். பிள்ளை பாட்டிலின் கழுத்தை வாயில் வைத்து நிதானமாக மூச்சு விட்டால் போதும். விலை கொடுத்து வாங்கியதற்கு இணையாக வேலை செய்தது. சுய உதவிக் குழு ஒரு மதியத்தில் பள்ளிக்கூடம் முழுமைக்கும் செய்து கொடுத்துவிடும். துளையின் அளவு மட்டும் சரியாக இருக்கிறதா என்று மருந்தாளுநர் ஒருமுறை பார்த்தாக வேண்டும்.

கூட்டணி என்றதும் ஆட்சியர் அலுவலகத்தில் சமோசாவோடு ஒரு கூட்டம், ஒரு பேனர், ஒரு புகைப்படம் என்று முடிந்துவிடும் ஆபத்து உண்டு. உலக ஆஸ்துமா நாளுக்கும் பல ஊர்களில் அதுதான் கதி. 1998லிருந்து கொண்டாடப்படும் அந்த நாள் மே மாதத்தின் முதல் செவ்வாய். தமிழ்நாட்டில் கிராம சபை கூடும் நாட்களில் ஒன்று மே 1. இரண்டுக்கும் இடையே ஒரு வாரத்துக்கு மேல் போகாது. பேனரை விட்டுவிட்டு கிராம சபையின் பொருள் நிரலில் மூன்று வரி சேர்க்கச் சொல்லலாம். ஊரில் இளைப்புக்காரர்கள் யாரிடம் போய்ச் சொல்ல வேண்டும், அந்த நர்சம்மா அல்லது தன்னார்வலரின் பெயர். பள்ளியின் முதலுதவிப் பெட்டியில் பம்பும் பாட்டிலும் இருக்கின்றனவா, எந்த டீச்சருக்கு அதைக் கொடுக்கத் தெரியும். குப்பை, சோகை எரிப்பதையும் கிரஷர் லாரிக்குத் தார்ப்பாய் போடாததையும் யார் எழுதி, எந்த அலுவலகத்துக்கு அனுப்புவது. தீர்மானப் புத்தகத்தில் பெயரோடு ஏறிவிட்டால், ஆகஸ்ட் 15 கூட்டத்தில் அதே ஆளைப் பார்த்துக் கேட்கலாம்.